பாத்தியில் பிறந்த கூழ்

யாழ்ப்பாணத்து ஒடியற் கூழின் கதையைச் சொல்பவர்கள் கடற்கரையில் இருந்துதான் தொடங்குவார்கள். நண்டும் இறாலும் கணவாயும் மீன்தலையும் ஒரே பானையில் வெந்து கிடப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சமையல்காரனுக்கு வேறு கணக்கு. எது இல்லாவிட்டால் அந்தப் பண்டமே இல்லையோ, அதுதான் அதற்கு முதல். நண்டு கிடைக்காத நாளில் நண்டு இல்லாமல் கூழ் காய்ச்சுகிறார்கள். இறால் இல்லாமலும் காய்ச்சுகிறார்கள். பச்சை மீனே இல்லாதபோது கருவாட்டைப் போட்டும் காய்ச்சியிருக்கிறார்கள். ஆனால் ஒடியல் மா இல்லாவிட்டால் அது புளிவிட்ட மீன் சாறாகத்தான் இருக்கும், கூழ் ஆகாது. அந்த மா பனையில் இருந்து வருகிறது. ஆகவே நான் பனையில் இருந்து தொடங்குகிறேன்.

எனக்கு ஊர் வீரகேரளம்புதூர். குற்றாலத்து மலையில் இருந்து இறங்கிவரும் சிற்றாற்றோடு அனுமன் நதி வந்து சேரும் இடம். ஊத்துமலை ஜமீன்தார்களின் அரண்மனை இருந்த ஊர். இருதாலய மருதப்பத் தேவர் இங்கே இருந்துதான் புலவர்களைப் போற்றினார். காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் அவரிடம் இருந்தவர். உ.வே.சாமிநாதையர் மருதப்பருடைய தமிழன்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இப்படி ஒரு ஊரில் பிறந்த எனக்கு, எழுதி வைக்கப்பட்ட சாப்பாட்டுக்கும் எழுதி வைக்கப்படாத சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன வயதிலேயே தெரியும். அரண்மனையில் யாருக்கு என்ன பரிமாறினார்கள் என்பதைச் சொல்ல ஆள் உண்டு. கோயிலில் எத்தனை படி அரிசி வடித்தார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. சாமானிய ஜனங்கள் கூடிக் காய்ச்சிய பானைக்கு ஒரு வரி சாட்சி கிடையாது. கூழும் அந்தக் கணக்கில் வராத பானைதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா, தாத்தா இருவரும் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் சமைத்தவர்கள். நானும் அதே வேலைதான். எங்கள் பக்கத்தில் கூட்டத்துக்குச் சமைப்பது என்றால் அண்டாவில் சோறு, சருவத்தில் சாம்பார், கொடைக்குக் கிடாக்கறி, கல்யாணத்துக்கு மறுநாள் சொதி. தேங்காய்ப்பாலில் சிறுபருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வெந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியோடு வரும் அந்தச் சொதி இலங்கையில் இருந்து வந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கேயும் சொதி உண்டு, மீன் போட்டும் வைப்பார்கள். ஆகக் கடலுக்கு அந்தப் பக்கத்துச் சமையல் எங்களுக்கு முற்றிலும் புதிதில்லை. ஆனால் மீனை அண்டாவில் வைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. கோடையில் குளம் வற்றும்போது விராலும் கெளுத்தியும் கெண்டையும் வீட்டுக்கு வீடு குழம்பாகும், அவ்வளவுதான். நூறு பேருக்கு மீன் என்றால் என் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். முள் ஒரு பயம். உடைந்து கரைந்துவிடும் என்பது இன்னொரு பயம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் படகேறி வந்தார்கள். முதலில் மண்டபம், அங்கிருந்து தமிழ்நாடு முழுக்க முகாம்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமையிலும் முகாம்கள் உண்டு. 2021இல்தான் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அப்படி ஒரு முகாமில் நடந்த கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருந்தபோது, முந்தின நாள் சாயங்காலம் அவர்களே தங்களுக்காகக் கூழ் காய்ச்சினார்கள். காய்ச்சியவர் ஊர்காவற்றுறையில் பிறந்த ஒரு ஆச்சி. நான் அடுப்பு மூட்டிக் கொடுத்தேன், விறகு தள்ளினேன், மற்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் பனங்கிழங்கைச் சொல்ல வேண்டும்.

பனம்பழம் ஆடி, ஆவணியில் விழும். பழத்தைத் தின்றபின் மிஞ்சும் கொட்டையை எங்கள் பக்கத்திலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, மணலைக் கூட்டிய பாத்தியில் நெருக்கமாக அடுக்குவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைவிடும். முளை மேலே வராமல் கீழே இறங்கும், கிழங்காகத் திரளும். தை மாதம் பாத்தியைப் பிரித்து எடுப்பார்கள். இதுவரைக்கும் இரண்டு கரைக்கும் ஒரே கதை. இதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. நாங்கள் கிழங்கில் மஞ்சள்தூளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்துத் தின்கிறோம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் போகும் பொங்கல்படியில் கரும்போடும் மஞ்சள்குலையோடும் பனங்கிழங்குக் கட்டும் இருக்கும். பொங்கல் முடிந்து பதினைந்து நாளில் அதன் பேச்சு அடங்கிவிடும். யாழ்ப்பாணத்திலோ கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, பச்சையாகவே வெயிலில் போட்டார்கள். கட்டை மாதிரி காய்ந்த அந்தக் கிழங்குதான் ஒடியல். அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். பின்னதைக் கடித்துத் தின்னலாம். முன்னதை இடித்து மாவாக்கிப் பிட்டு அவிப்பார்கள், கூழ் காய்ச்சுவார்கள். தையில் எடுத்த கிழங்கு அடுத்த தை வரைக்கும் பானையில் கிடக்கும். எங்களுக்குப் பண்டிகைத் தீனியாக இருப்பது அவர்களுக்கு வருஷச் சாப்பாடானது இந்த ஒரு வேலையால்தான்.

ஏன் அங்கே மட்டும் இப்படி? மண்ணைப் பார்த்தால் விளங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்காலத்தோடு சரி. கீழே சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை அதற்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம் நெல், அதுவும் எல்லாருக்கும் போதாது. எங்கள் ஊரைப் பாருங்கள். தென்மேற்குப் பருவத்தில் குற்றால மலையில் விழும் தண்ணீர் சிற்றாற்று அணைக்கட்டுகளில் தேங்கிக் குளம் குளமாக நிறையும். கார் ஒரு போகம், பிசானம் ஒரு போகம். நெல் இருக்கும் ஊரில் பனை குளக்கரையிலும் புஞ்சை ஓரத்திலும் நின்றால் போதும். நெல் இல்லாத ஊரில் பனை பத்தாயத்தின் இடத்துக்கு வந்துவிடுகிறது. பனை நின்ற இடத்தில் இருந்து கொஞ்ச தூரத்திலேயே கடலும் இருந்தது. குடாநாட்டில் எந்த ஊரில் இருந்தும் கடல் தூரமில்லை. மாவும் மீனும் ஒரே பானைக்குள் வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

பனையின் 801 பயன்களைப் பாடுகிற 'தால விலாசம்' என்று ஒரு பழைய நூல் உண்டு. பனைக்காகவே 1850இல் கொழும்பில் ஒரு நூல் வெளியிட்ட வில்லியம் ஃபெர்குசன் அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்கிறார். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறி நம் கரைக்கு வந்தது, அரசாங்கத்துக்கு அதில் நல்ல வருமானம் இருந்தது. ஏற்றுமதியான மரத்துக்குக் கணக்கு இருக்கிறது. வீட்டில் காய்ச்சிய கூழுக்கு இல்லை. எந்த நூற்றாண்டில் முதல் பானை ஏறியது என்று தேடுவதைவிட, பானையில் கிடப்பதை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அவர்கள் யாழ்ப்பாண அரசைப் பிடித்தது 1619இல். மரவள்ளியும் அதே கண்டத்துக் கிழங்கு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் ஊன்றியது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒடியல் மா, மீன், புளி, உப்பு, காரத்துக்கு மிளகு. இன்றைக்கும் அரைப்பில் மிளகும் சீரகமும் சேர்க்கிற வீடுகள் உண்டு. மிளகாய் வருவதற்கு முந்திய கூழின் ருசி அந்தக் கொஞ்ச மிளகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

இனி அடுப்படிக்கு வருகிறேன்.

ஆச்சி மத்தியானமே மாவை ஊறப்போட்டுவிட்டார். ஐம்பது பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத மா. அகலச் சட்டியில் மாவைக் கொட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றினார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மா அடியில் படிந்து, மேலே தண்ணீர் மங்கலாக நின்றது. சட்டியை மெல்லச் சாய்த்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு மறுபடி புதுத்தண்ணீர். பச்சை ஒடியலில் ஒரு கசப்பு உண்டு. அது இப்படித்தான் போகும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு புளிவிட்டாலும் தொண்டையில் கசப்பு நிற்கும். மாவின் வாடை புதியவர்களுக்குக் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், காய்ந்த ஓலையும் மண்ணும் கலந்த மாதிரி. மீனின் வாடைக்கு எதிரே நிற்க அப்படி ஒரு முரடு வேண்டியிருக்கிறது.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் முதலில் போனவை பலாக்கொட்டையும் மரவள்ளித் துண்டும் ஒரு கைப்பிடி அரிசியும். அவை பாதி வெந்தபின் பயிற்றங்காய். அதன்பின் நண்டும் மீன்தலையும். ஆச்சி மீனைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்குப் பாடம். பெரிய முள்ளும் கெட்டித் தசையும் உள்ள மீன் மட்டும், சின்னமுள் மீன் ஒன்றுகூடக் கிடையாது. கெட்டியான கூழில் சின்ன முள் கண்ணுக்குத் தெரியாது, தொண்டையில்தான் தெரியும். என் அப்பாவின் பயத்துக்கு விடை சந்தையிலேயே இருந்திருக்கிறது. இறாலும் கணவாயும் கடைசிக்குக் கடைசி, ஏனென்றால் கணவாய் நேரம் தவறினால் ரப்பராகிவிடும். முருங்கை இலை அதற்கும் பிறகு. அம்மியில் அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் புளிக்கரைசலும் ஒரு பக்கம் தயாராக இருந்தன.

நண்டு சிவந்ததைப் பார்த்து நான் கேட்டேன். "ஆச்சி, இப்ப மாவ ஊத்திரலாமா?"

"பொறு தம்பி. எல்லாம் அவியட்டும். மாவைக் கடைசியாத்தான் விடோணும். முன்னம் விட்டால் அடிப்பிடிச்சுப் போம், பிறகு உள்ளுக்கை கிடக்கிறது ஒண்டும் அவியாது."

அது சரியான கணக்கு. மா விழுந்த நிமிஷத்தில் தண்ணீர் கனத்துவிடும். கனத்த கூழில் கொதி மேலே ஏறாது, சூடு அடியிலேயே நின்று கருகும். எனவே வேகவேண்டியது எல்லாம் மெல்லிய தண்ணீரிலேயே வெந்துவிட வேண்டும். ஆச்சி ஊறிய மாவைப் புளியோடும் அரைப்போடும் கரைத்து, ஒரு கையால் நூல் மாதிரி விட்டுக்கொண்டே மறுகையால் நீள அகப்பையை அடியோடு கிண்டினார். விறகை வெளியே இழுக்கச் சொல்லி எனக்குத் தலையசைத்தார். பானையின் நிறம் மங்கிய செங்கல் நிறத்துக்கு மாறியது. குமிழி சின்னதாகப் படபடத்தது நின்று, ஒவ்வொன்றாகப் பெரிதாக எழுந்து உடைந்தது.

"இன்னும் கெட்டியாகணும்லா ஆச்சி?"

"காணும், காணும். ஆறினால் தானாத் தடிக்கும்."

நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான். அடுப்பில் இருக்கும்போதே கெட்டியாக்கினால் பரிமாறும்போது களியாகிவிடும். ஓடும் பதத்தில் இறக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, தாளிதம் இல்லை, வெங்காயம் வதக்கவில்லை. எண்ணெயில் தொடங்கி எண்ணெயில் முடிக்கிற சமையல்காரனான எனக்கு அந்தப் பானை ஒரு திகைப்பாக இருந்தது. கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சொட்டு மட்டும் நறுக்கி வைத்திருந்தார்கள்.

குடிக்கப் பனையோலையில் மடித்த பிளா. எங்கள் பக்கத்தில் பதநீர் குடிக்கும் ஓலைப்பட்டையும் ஏறக்குறைய அதுதான். அகப்பை விழும்போது ஓலை சூட்டை வாங்கி ஒரு பச்சை வாசம் விடும். பலா இலையைக் கூம்பாகச் சுருட்டி ஈர்க்கு குத்திக் கரண்டியாக்கிக்கொண்டார்கள். பந்தி கிடையாது, வட்டமாக உட்கார்ந்தார்கள். நண்டுக்கால் யாருக்கு, இறால் எத்தனை என்று பார்க்க வழியில்லாத கலவை அது. அகப்பைக்கு வந்தது பிளாவுக்கு. ஆச்சி மட்டும் ஒவ்வொரு முறையும் அடிவரை விட்டுக் கிளறி எடுத்தார், மேலாக மொண்டால் கடைசியில் வருபவருக்கு நண்டு மட்டும், முதலில் வந்தவருக்குத் தண்ணீர் மட்டும் என்றாகிவிடும்.

இந்த வட்டத்தை வைத்துக்கொண்டு, கூழ் எல்லாரையும் சமமாக உட்காரவைத்தது என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் பொய். பனை ஏறியவர், வலை வீசியவர், தோட்டம் செய்தவர் ஆகிய மூவர் உழைப்பும் அந்தப் பானையில் இருந்தது. மூவரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து குடிக்க யாழ்ப்பாணத்துச் சாதி விட்டதில்லை. 1930 வாக்கில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஆசனத்தில் இருக்கலாம், ஒன்றாக உண்ணலாம் என்று ஏற்பாடு வந்தபோது பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. எங்கள் சீமையும் இதில் உயர்த்தியில்லை. ஒரே கொடைக்கு இரண்டு இடத்தில் அடுப்பு மூட்டிய காலத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வட்டம் குடும்பத்துக்குள்ளும் சுற்றத்துக்குள்ளும்தான் வட்டமாக இருந்தது. அந்த முகாமில் நான் பார்த்த வட்டத்தில் பல ஊர்க்காரர்கள் இருந்தார்கள். வீட்டையும் முற்றத்தையும் விட்டுவிட்டு ஒரே வரிசைக் குடிசைகளில் இருக்க நேர்ந்த பிறகு வந்த வட்டம் அது. அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமில்லை.

கூழ் பஞ்சத்துப் பண்டமா, விருந்துப் பண்டமா என்று கேட்டால் இரண்டும்தான். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். இலங்கை தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவில் இருந்து வந்துகொண்டிருந்தது, அது நின்றது, பங்கீடு வந்தது. அந்தக் காலத்தில் வடக்கில் ஒடியலும் மரவள்ளியும் கைகொடுத்தன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரிலும் இதே கதிதான். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும்தான் அந்த நாட்டை நிறுத்திவைத்தன. 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அதனால் அந்தக் கிழங்கும் மீனும் எங்களுக்கு எட்டிப்பார்த்தால் தெரிகிற தூரம். அரிசி இல்லாத இடத்தில் கிழங்கும் மீனும் ஜோடி சேர்வது உலகத்து வழக்கம் போலிருக்கிறது.

போர்க்காலத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமை குறைவு. கேட்டதை மட்டும் சொல்கிறேன். 1990க்குப் பிறகு வடக்குக்குப் பொருள்கள் போகத் தடை. மண்ணெண்ணெய் இல்லை. கடலுக்குப் போகவும் கட்டுப்பாடு. எத்தனையோ தோப்புகளில் பனையைத் தறித்துப் பதுங்குகுழிக்கு மேல் அடுக்கினார்கள். ஆக மாவும் குறைந்தது, மீனும் குறைந்தது. 1995 அக்டோபர் 30ஆம் தேதி வலிகாமத்து ஜனம் ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எந்தப் பானையை யார் எடுத்துப்போயிருக்க முடியும்? 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாக ஒரு கஞ்சி காய்ச்சி வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றினார்கள். ஒவ்வொரு வருஷமும் மே 18ஐ ஒட்டி அதே கஞ்சியை நினைவுக்காகக் காய்ச்சுகிறார்கள். அந்தக் கஞ்சியையும் இந்தக் கூழையும் பற்றி அடுத்தடுத்து எழுதுவது எளிதாக இல்லை. ஆனால் இரண்டையும் காய்ச்சியவர்கள் ஒரே ஜனம். கூழின் சரித்திரத்தில் இதை விட்டுவிட்டால் சரித்திரம் ஆகாது.

இப்போது ஒடியல் மா பொட்டலத்தில் அடைத்துக் கப்பலிலும் விமானத்திலும் போகிறது. டொரன்டோவின் ஸ்காபரோவிலும் பாரிசின் லா சப்பலிலும் தமிழ்க் கடைகளில் வாங்கலாம். கோடை விடுமுறையில் பூங்காவில் கூடி, உறைய வைத்த நண்டையும் கணவாயையும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்கள்.

மீனவர்கள் இருக்கும் கரைகளில் ஒற்றைப் பானைச் சமையல் எங்கேயும் உண்டு. பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் விலைபோகாத பாறைமீனைக் கொதிக்கவைத்ததில் இருந்து பூயபேஸ் என்ற புகழ்பெற்ற சாறு வந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் நன்னீர்ச் சிங்கிறாலையும் சோளக்கதிரையும் உருளைக்கிழங்கையும் காரமசாலாத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்துவிட்டு, செய்தித்தாள் விரித்த மேசையில் அப்படியே கொட்டி எல்லாரும் கையால் தின்கிறார்கள். அங்கேயும் கூட்டம்தான், அங்கேயும் பானை ஒன்றுதான். ஆனால் அவர்கள் கொட்டிவிடும் தண்ணீர்தான் யாழ்ப்பாணத்தில் சாப்பாடு. மீனில் இருந்தும் நண்டு ஓட்டில் இருந்தும் இறங்கிய சாரம் அவ்வளவும் அந்தத் தண்ணீரில் இருக்கிறது. மா அதைப் பிடித்துவைக்கிறது. நாலு கிலோ கடல்பண்டம் ஐம்பது பேருக்குப் போதுவது இதனால்தான். லூசியானாக் கணக்கில் அது பத்துப் பேருக்குக் காணாது. கொஞ்சத்தை நிறையப் பேருக்கு நீட்டுகிற கலையில் இதைவிடத் தேர்ந்த பானையை நான் கண்டதில்லை.

நம் பக்கத்தில் ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ் கூட்டத்துக்கான கூழ்தான். வட மாவட்டங்களில் அதோடு கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வரும். யாழ்ப்பாணத்திலும் ஆடிப்பிறப்பு அன்று கூழ் உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்த நாளைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடிய பாட்டு அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். அது தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த இனிப்புக் கூழ். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒடியற் கூழுக்கு நாள், கோள் கிடையாது. மீனும் ஆளும் சேர்ந்தால் அது கூழ் நாள்.

மீன் விஷயத்தில் வீரகேரளம்புதூருக்கு ஒரு வசதி இருக்கிறது. கடல் இல்லாத ஊர்தான், ஆனால் இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லம், இந்தப் பக்கம் தூத்துக்குடி. 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் ரயில் வந்ததில் இருந்தே மேற்குக் கடல் எங்களுக்குப் பக்கம். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கேரளத்தில் ஜூன் 10 தொடங்கி ஜூலை 31 வரை. ஒரு கரை அடைத்தால் மறுகரை திறந்திருக்கும். இரண்டும் சேர்ந்து அடைபடுவது ஜூனில் சில நாள்தான், அப்போதும் நாட்டுப்படகு மீன் வரும். நண்டும் கணவாயும் வேண்டும் என்று முந்தின நாள் சொல்லிவிட்டால் பனிக்கட்டிப் பெட்டியில் விடியற்காலையில் வந்துவிடும்.

ஆக எங்களுக்கு மீன் தடையில்லை. பனையும் இருக்கிறது. இல்லாதது ஒடியல்தான். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 ஆகஸ்டில் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் ஊன்றப்போவதாகவும், ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் மரத்தைக் காப்பதற்கு உத்தரவைவிட வலுவானது அதன் கிழங்குக்கு ஒரு பானை இருப்பது. பொங்கலுக்கு முந்தின நாள் சுரண்டைச் சந்தையில் கேட்ட விலைக்குப் போகும் கட்டு, பொங்கல் முடிந்த மறுவாரம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரன் அந்த மறுவாரத்தில்தான் வேலையைத் தொடங்குவான்.

நானும் இப்போது அந்த வாரத்தில்தான் வாங்குகிறேன். முற்றிய கிழங்காகப் பொறுக்கி, தோலைச் சீவி, நடுவில் பிளந்து, உள்ளே இருக்கும் பீலியை எடுத்துவிட்டு மொட்டைமாடியில் ஓலைப்பாயில் பரப்புகிறோம். தை வெயிலில் நன்றாகக் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், பனி இறங்குவதால் ராத்திரி உள்ளே எடுத்துவைக்க வேண்டும். உடைத்தால் சத்தம் வரும் பதத்தில் மில்லுக்கு அனுப்புவேன். மில்காரர் எல்லார் அரிசியும் மிளகாயும் அரைத்து முடித்த பிறகு கடைசியாகத்தான் இதை எடுப்பார், வாடை அடுத்தவர் மாவில் ஏறிவிடும் என்று. கண்சல்லடையில் சலித்தால் நார் தனியாக வந்துவிடும். அரைத்த மாவை ஊறவைத்து வடிக்காமலும் நன்றாகக் கொதிக்க வைக்காமலும் உண்ணக்கூடாது. வாங்கிப்போகிறவர்களிடம் இதை முதலில் சொல்லித்தான் பொட்டலத்தைக் கொடுக்கிறேன்.

கல்யாண வீட்டுக்காரர்கள் இன்னும் தயங்குகிறார்கள். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு பானை வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், சிலர் சம்மதிக்கிறார்கள். மாசி பிறந்துவிட்டால் இந்த வருஷத்து மா தயாராக இருக்கும். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஓலைப்பட்டை கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார், அதையும் சொல்லி வாங்கித் தருகிறேன்.